பட்டியைத் தளர்த்தாதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது ஆறு கேள்வி. எந்தச் சான்றிதழ் படித்தால் வேலை கிடைக்கும், வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்திடுவது, ஓட்டுநர் உரிமம் எப்போது கைக்கு வரும், பிள்ளையைக் காப்பகத்தில் விடலாமா, வீட்டுக்குள் தோல் ஏன் இப்படி வறண்டுபோகிறது என்று ஐந்தைக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி: “14 மாத மகன் கார் சீட்டில் பட்டியை இறுக்கினால் அழுகிறான், எவ்வளவு தளர்த்தலாம்?” கூடவே ஒரு படம். முதல் ஐந்துக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். கனடாவுக்கு வந்து ஆறு மாதம் ஆனவர்கூட இங்குள்ள வேலை நிலவரம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். நான் கடைசி வரிக்கு மட்டும் வருகிறேன். ஒரு விரல்கூடத் தளர்த்தக் கூடாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிள்ளை அழகு, சுற்றிப்போடுங்கள். ஆனால் தலையணை மாதிரி உப்பிய நீல ஜாக்கெட்டுக்கு மேலே பட்டி போட்டிருக்கிறீர்கள். மார்புக் கிளிப் தொப்புளில் கிடக்கிறது. இடது பட்டி இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முறுக்கு முறுக்கியிருக்கிறது. சீட்டையும் அதற்குள் முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டீர்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. 2004 ஜனவரியில் என் மகள் இதைவிட மோசமாக உட்கார்ந்திருந்தாள்.

என் கணவர் எட்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டார். நான் பத்து மாதக் கைக்குழந்தையோடு தனியாக வந்து இறங்கினேன். தெரிந்த அக்கா ஒருவரின் கார் சீட்டை இரவல் வாங்கிக்கொண்டு அவர் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். “மூன்று பிள்ளைகள் வளர்ந்த ராசியான சீட்” என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ராசியைப் பார்த்தோமே தவிர, அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்க்கவில்லை. வாகன நிறுத்துமிடத்தில் காற்று முகத்தில் அறைந்தது. பிள்ளைக்குத் தலை முதல் கால் வரை ஒரே துண்டான பனியுடுப்பை மாட்டினேன். கையும் காலும் நட்சத்திரமீன் மாதிரி விரிந்து நின்றன. பூட்டு எட்டவில்லை. முன்னால் இருந்த பொத்தானை அழுத்திப் பட்டியைக் கடைசி வரை இழுத்துத் தளர்த்தி, ஒருவழியாகப் பூட்டினோம். “க்ளிக்” என்று கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மடியில் வைத்துப் போகிற வழக்கத்தை விட்டு, வந்த முதல் நாளே இந்த நாட்டுச் சட்டப்படி நடந்துவிட்டோமாம்!

அப்படியே ஆறு வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் பொதுச் சுகாதாரச் செவிலியர் ஒருவர் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நாங்களும் வெளியே கிளம்பும் நேரம், அவரும் கூடவே கீழே இறங்கினார். கார்க் கதவைத் திறந்து பிள்ளையைப் பூட்டியதைப் பார்த்தவர், “நான் ஒன்று காட்டலாமா?” என்று மட்டும் கேட்டார். பனியுடுப்போடு இருந்த மகளின் பட்டியை நன்றாக இறுக்கினார். பிறகு பட்டியின் நீளத்தைத் தொடாமல் பூட்டை மட்டும் திறந்து, பிள்ளையை வெளியே எடுத்து, பனியுடுப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி அதே பட்டிக்குள் உட்காரவைத்துப் பூட்டினார். பிள்ளையின் நெஞ்சுக்கும் பட்டிக்கும் இடையில் தன் முஷ்டியை நுழைத்தார். முழு முஷ்டியும் உள்ளே போனது. போய், அங்கே தாராளமாகத் திரும்பியது.

அப்போது எனக்கு ஆங்கிலம் முக்கால்வாசி புரியாது. அந்த முஷ்டி புரிந்தது.

உப்பிய ஜாக்கெட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. மோதலில் அந்தக் காற்று கண்மூடித் திறப்பதற்குள் அமுங்கிவிடும், பட்டி இருந்த இடத்திலேயே நிற்கும். நடுவில் மிஞ்சுகிற இடைவெளி வழியாகத்தான் பிள்ளை நழுவும். நீங்கள் இறுக்கியது ஜாக்கெட்டை, பிள்ளையை அல்ல. இதே சோதனையை இன்று இரவே வீட்டுக் கூடத்தில் செய்து பாருங்கள், காரைக்கூடத் திறக்க வேண்டாம்.

குளிருக்கு என்ன செய்வது என்று தங்கச்சி கேட்பார், நியாயம்தான். மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று போடுங்கள், பட்டியைப் பூட்டி இறுக்குங்கள், அதற்குப் பிறகு மேலே போர்வை. அல்லது, போர்வைக்குப் பதில், இறுக்கிய பட்டிக்கு மேலே ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிக் கைகளை மட்டும் நுழைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் முன்னால் போய் வண்டியைச் சூடாக்குவது அப்பா வேலை. சீட்டோடு பெட்டியில் வராத எதையும் பட்டிக்கும் பிள்ளைக்கும் நடுவே வைக்காதீர்கள். கரடிப் பொம்மை தைத்த தோளுறை, முதுகுக்கு மெத்தை, தலைக்கு வளையம் என்று பரிசாக வந்து குவியும். நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இனி பட்டிக்கு வருவோம். பிள்ளையின் முதுகும் இடுப்பும் சீட்டின் பின்பக்கத்தை ஒட்டியிருக்க வேண்டும். முறுக்கைத் தடவி எடுத்துவிட்டுப் பூட்டுங்கள். அடுத்ததாக எல்லோரும் முன்னால் தொங்கும் ஒற்றைப் பட்டியைப் பிடித்து இழுப்பார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. தளர்வு முழுவதும் தொடைப்பக்கம் ஒளிந்திருக்கும். முதலில் இடுப்பருகே உள்ள பட்டியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்து, அந்தத் தளர்வைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் முன்பட்டியை இழுத்தால் நான்கு விரல் நீளம் கூடுதலாக வெளியே வரும், பாருங்கள். கடைசியாகக் காறையெலும்புக்கு நேரே பட்டியின் மேல் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் மேலும் கீழுமாக வைத்துக் கிள்ளுங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. “இரண்டு விரல் நுழைய வேண்டும்” என்று யாராவது சொன்னால், அவர் விரல் தடிமனா, உங்கள் விரல் தடிமனா என்று கேளுங்கள். கிள்ளிப் பார்ப்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

மார்புக் கிளிப் அக்குளுக்கு நேரே. அதன் வேலை இரண்டு பட்டியும் தோளிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்வது. பாரத்தைத் தாங்குவது கீழே இருக்கும் பூட்டுதான். உங்கள் ஜெர்மனி மச்சான் “எங்கள் சீட்டில் அந்தக் கிளிப்பே இல்லை, தேவையில்லை” என்றாராமே. அவர் சொல்வது பொய்யல்ல, ஐரோப்பிய விதிப்படி செய்யும் சீட்டுகளில் பொதுவாக அது இருக்காது. அது அந்த நாட்டு விதி, அந்த நாட்டுச் சீட். இங்கே உங்கள் சீட்டோடு வந்ததை வந்தபடி பயன்படுத்த வேண்டும். ஆசையாக அவர் ஒன்றை அங்கிருந்து வாங்கி அனுப்பினாலும், எல்லை தாண்டி அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கனடாவின் தேசியப் பாதுகாப்புக் குறி, அந்த மேப்பிள் இலைச் சின்னம், ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அழுகை பற்றி ஒன்று. பட்டி இறுகுவதால் பிள்ளை அழுவதில்லை, கட்டிப்போடுவதால் அழுகிறது. தளர்த்தினாலும் அழும். என் மகள் வீட்டு வாசலிலிருந்து இரண்டாவது சிக்னல் வரை அழுவாள், மூன்றாவதில் தூங்கிவிடுவாள். ஆனால் தொடை இடுக்கில் தோல் பட்டியில் மாட்டியிருக்கிறதா, கவட்டுப் பட்டி எட்டாமல் வலிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கவட்டுப் பட்டிக்கும் பல சீட்டுகளில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். கையேட்டில் சொல்லியிருக்கும்.

சீட்டைத் திருப்பிய கதை. நம் ஒன்டாரியோ மாகாணச் சட்டம் 9 கிலோ தாண்டினால் முன்பக்கம் பார்க்க வைக்க அனுமதிக்கிறது. அனுமதிப்பது வேறு, நல்லது வேறு. 14 மாதப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முன்மோதலின் வேகத்தைச் சீட்டின் முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். பல சீட்டுகள் 18 கிலோ வரைகூடப் பின்பக்கம் பார்க்க இடம்கொடுக்கின்றன. உங்கள் சீட்டின் எடை, உயர வரம்பு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், இப்போது மறுபடி பின்பக்கம் பார்க்க வையுங்கள், அந்த வரம்பு முடியும் வரை முன்பக்கம் திருப்பாதீர்கள். “கால் மடங்கி நிற்கிறதே, பாவம்” என்று மாமியார் சொல்வார். பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்காரும் சாதி, அவர்களுக்குக் கால் ஒரு பொருட்டே அல்ல.

திருப்பும்போது தோள்பட்டியின் உயரத்தையும் மாற்ற வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். பின்பக்கம் பார்க்கும்போது பட்டி, தோளுக்கு நேரே அல்லது சற்றுக் கீழே உள்ள துளையிலிருந்து வர வேண்டும். மோதலில் பிள்ளை சீட்டின் முதுகோடு மேல்நோக்கி ஏறப் பார்க்கும், கீழிருந்து வரும் பட்டிதான் பிடித்து நிறுத்தும். முன்பக்கம் பார்க்கும்போது இதற்கு நேர்மாறு, தோளுக்கு நேரே அல்லது சற்று மேலே. தலைப்பகுதியை உயர்த்தினால் பட்டியும் கூடவே உயரும் சீட் என்றால் உங்களுக்கு வேலை சுலபம். இல்லையென்றால் சீட்டைக் குப்புறக் கவிழ்த்து, பின்னால் ஓர் உலோகத் தகட்டில் மாட்டியிருக்கும் இரண்டு பட்டி முனைகளையும் கழற்றி, சரியான துளை வழியாகக் கோத்து, மறுபடி மாட்ட வேண்டும். முதல்முறை எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு பக்கம் இரண்டாம் துளையிலும் மறுபக்கம் மூன்றாம் துளையிலும் கோத்து, பிள்ளை சாய்ந்தபடி உட்கார்ந்ததைப் பார்த்துக் கணவர் சிரித்தார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். எங்கள் குடியிருப்பில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதல் அழைப்பு மருத்துவருக்கு, இரண்டாவது எனக்கு. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அதற்காக என்னை மட்டும் நம்பாதீர்கள். இதற்கென்றே பயிற்சி பெற்று, கனடா குழந்தைப் பயணிகள் பாதுகாப்புச் சங்கத்தில் சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள். தேடிப் பிடித்து ஒருமுறை காட்டிவிடுங்கள். காரில் சீட் பூட்டுவதும் தனி வித்தை. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. 2002 செப்டம்பருக்குப் பின் செய்த வண்டிகளில், பெல்ட்டுக்குப் பதிலாகச் சீட்டைப் பூட்டக் கீழ்க் கொக்கிகள் இருக்கும். எங்களுடையது 1996ஆம் ஆண்டுக் கார், பெல்ட்டோடு மல்லுக்கட்டினோம். கொக்கி, பெல்ட் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்கும் மகானுபாவர்கள் உண்டு. கையேடு வெளிப்படையாக அனுமதித்தாலொழிய ஏதாவது ஒன்றுதான். பிற்காலத்தில் முன்பக்கம் பார்க்கத் திருப்பும் நாளில், சீட்டின் முதுகில் மேலே உள்ள கட்டுப்பட்டியை வண்டியில் மாட்ட மறக்காதீர்கள்.

பட்டியில் பால் கொட்டும், வாந்தி எடுப்பான். கழற்றித் துவைப்பு இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள், பிளீச்சும் வேண்டாம், இழை பலமிழந்துவிடும். மெல்லிய சோப்புநீர் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

நம்மவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிறோம் என்று, பத்துப் பன்னிரண்டு வருடம் நிலவறையில் கிடந்த கார் சீட்டைத் தூசு தட்டிக் கொடுப்பார்கள். வாங்காவிட்டால் தலைக்கனம் என்பார்கள். கார் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, பிளாஸ்டிக்கில் அச்சடித்தோ ஒட்டியோ இருக்கும். விபத்தில் அடிபட்ட சீட்டும் அப்படித்தான், வெளியே கீறல்கூடத் தெரியாது, ஆனாலும் மாற்றிவிட வேண்டும். கையேடு இல்லாத, முன்கதை தெரியாத சீட்டை யார் கொடுத்தாலும் கும்பிட்டு அனுப்புங்கள். “நாங்களெல்லாம் கார் சீட்டிலா வளர்ந்தோம்?” என்று கேட்கும் மாமா ஒருவர் உங்களுக்கும் வாய்த்திருப்பார். அவர் வளர்ந்த காலத்தில் அவர் வீட்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் இருந்ததா என்று கேளுங்கள். பதில் வராது, கோபம் வரும்.

அந்தச் செவிலியர் அன்று சீட்டைத் திருப்பி அடித்தாளைக் காட்டினார். நாங்கள் தரையிறங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே காலாவதியாகியிருந்தது. கையில் இருந்த பணத்தைத் துடைத்து அந்த வாரமே புதிது வாங்கினோம், அந்த மாதம் மற்றதெல்லாம் நின்றுபோயின. பழையதை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது என்று குப்பையில் வைக்குமுன் பட்டியை வெட்ட உட்கார்ந்தேன். கத்தரிக்கோல் வழுக்கியது. காய் நறுக்கும் கத்தியால் அரைமணி நேரம் அறுத்தேன். மூன்று பிள்ளைகளைச் சுமந்த பட்டி சும்மா அறுபடுமா? சீட்டைக் கொடுத்த அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். ராசியான சீட்டைக் கத்தியால் வெட்டிய கதை ஊர் முழுக்கப் போனது. அக்கா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

போன மாதம் அந்த அக்காவே கூப்பிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள், சீட் வாங்கியாகிவிட்டது, வந்து பூட்டிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். போனேன். சீட் புத்தம்புதியது, பெட்டி பிரித்த வாசம்கூடப் போகவில்லை. இடது பட்டி முறுக்கியிருந்தது.