தேங்க்ஸ்கிவிங் டின்னருக்கு வீகன் ரோஸ்ட் எது வாங்கலாம்? டோஃபர்க்கி நல்லா இருக்குமா?

உங்க கேள்வியைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி நான் இதே கேள்வியோட ஃப்ரீஸர் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னிருக்கேன். நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எட்டு பேர் சாப்பிட வர்றாங்க, ஏழு பேருக்கு டர்க்கி, அக்கா பையன் ஒருத்தன் மட்டும் வீகன் (கறி மட்டும் இல்ல, பால், நெய், முட்டை கூடத் தொடாதவன்), அவனுக்கு சும்மா கூட்டு பொரியல் வச்சா போதுமா இல்ல கறி இல்லாத ரோஸ்ட்னு விக்கறாங்களே அதுல ஒண்ணு வாங்கணுமா, வாங்கினா எதுன்னு கேட்டிருக்கீங்க.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு: வாங்குங்க. ஃபீல்டு ரோஸ்ட் கம்பெனியோட செலிப்ரேஷன் ரோஸ்ட் வாங்குங்க, கிரேவி மட்டும் நீங்களே வைங்க. நேரம் இருக்கறவங்க மேல படிங்க, கொஞ்சம் நீளமா தான் போகும்.

நாங்க இருக்கறது அமெரிக்கால ஓரிகன் மாநிலத்துல, போர்ட்லண்ட் பக்கத்துல பீவர்ட்டன். இங்க நாங்க அஞ்சாறு தமிழ்க் குடும்பம் சேர்ந்து தான் வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் வைப்போம். டர்க்கிக்கு தயிர், மிளகாத்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் தடவி ராத்திரி முழுக்க ஊற வச்சு தான் ஓவன்ல வைப்போம், இல்லன்னா நம்ம நாக்குக்கு அந்தக் கறி வைக்கோல் மாதிரி இருக்கும். என் பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் வீகனா மாறி வீட்டுக்கு வந்தா. அந்த வருஷம் அவளுக்குன்னு தனியா எதுவும் பண்ணல, நம்ம சாப்பாட்ல தான் பாதி சைவமாச்சேன்னு நினைச்சேன். பாத்தா சாம்பார் நெய்ல தாளிச்சது, பிரிஞ்சில நெய், பச்சடி தயிர், பாயசம் பால். எலுமிச்சை சாதமும் வடையும் மிஞ்சுச்சு. ஒரு ஆன்ட்டி வேற, "ஏம்மா, பால் குடிச்சா மாட்டை யாரும் கொல்றதில்லையேடி"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இந்த வீகன் பழக்கத்துக்கு நனிசைவம்னு தமிழ்ல அழகா ஒரு வார்த்தை இருக்கு, அதை எங்க மாமியார்கிட்ட சொன்னதுக்கு ஓஹோ ரொம்ப சுத்த சைவம் போலன்னு நினைச்சு ஸ்பெஷலா பால்கோவா பண்ணிக் குடுத்தாங்க, அது தனிக் கதை.

ஆனா அன்னிக்கு என்னை உறுத்தினது சாப்பாடு பத்தாம போனது இல்ல. எங்க கூட்டத்துல ஒரு அங்கிள் தான் எப்பவும் டர்க்கியை வெட்டுவார், பசங்க எல்லாம் தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையா நிப்பாங்க, எனக்கு லெக் பீஸ் எனக்கு லெக் பீஸ்னு ஒரே சத்தமா இருக்கும். இவ மட்டும் கிச்சன் கவுன்டர் பக்கம் நின்னு எலுமிச்சை சாதத்தைத் தானே போட்டுக்கிட்டு இருந்தா. வயிறு ரொம்பிச்சு, ஆனா அந்த வரிசைல அவ இல்ல. அதனால தான் சொல்றேன், ரோஸ்ட் தேர்ந்தெடுக்கும்போது டர்க்கி ருசி வருதான்னு பாக்காதீங்க (எதுவுமே வராது). மேஜைல வச்சுக் கத்தி போட்டா துண்டு துண்டா அழகா விழுதா, அதை மட்டும் பாருங்க.

சரி, இப்ப பெட்டிகளுக்கு வருவோம்.

டோஃபர்க்கி எங்க ஊர்க்காரங்க சரக்கு. போர்ட்லண்ட்ல இருந்து ஐ-84 ஹைவேல கொலம்பியா ஆத்தை ஒட்டியே கிழக்கால ஒரு மணி நேரம் போனா ஹூட் ரிவர்னு ஒரு ஊர் வரும், அங்க இருக்கற கம்பெனி. சேத் டிபட்னு ஒருத்தர் 1980ல டெம்பே (சோயா பீன்ஸைப் புளிக்க வச்சுப் பண்ற கட்டி) பண்ணி விக்க ஆரம்பிச்சவர், காசு மிச்சம் பண்ண மரத்து மேல வீடு கட்டிக் குடியிருந்த ஆளு, 1995ல தான் இந்த ரோஸ்ட்டைக் கொண்டு வந்தார். 2023ல ஜப்பான் மொரினாகா குரூப் வாங்கிடுச்சு. டோஃபுவும் (சோயாப் பன்னீர்) கோதுமைப் புரதமும் சேர்த்துப் பண்ணின உருண்டை, நடுவுல வைல்டு ரைஸும் ரொட்டித் தூளும் போட்ட ஸ்டஃபிங். 26 அவுன்ஸ், அதாவது முக்கால் கிலோவுக்குத் துளி கம்மி. மீல் மேக்கரை நைசா அரைச்சு அழுத்தி உருட்டினா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு மெத்துமெத்துப்பு. தனியா வாய்ல போட்டா சப்புன்னு தான் இருக்கும், சும்மா ட்ரேல வச்சு சுட்டா காஞ்சும் போயிடும். அடில உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் பரப்பி, எண்ணெய், சோயா சாஸ், ஆரஞ்சு ஜூஸ் கலந்து மேல ஊத்தி, ஃபாயில் மூடி வச்சீங்கன்னா வேற மாதிரி வரும். கத்திக்கு நல்லா படியும், மெல்லிசா வெட்டலாம். என்னைக் கேட்டா இதுக்கு நல்ல நாள் வெள்ளிக்கிழமை தான், மிச்சத்தை தோசைக்கல்லுல போட்டு மிளகுத்தூள் தூவி ரெண்டு பக்கமும் முறுக விட்டு எடுத்தா டர்க்கி தின்னவங்களும் கேட்டு வாங்கி சாப்பிடுவாங்க.

ஃபீல்டு ரோஸ்ட் சியாட்டில்ல 1997ல ஒரு சமையல்காரர் ஆரம்பிச்சது, அது சாப்பிடும்போதே தெரியும். இதுல கறி மாதிரி நடிக்கற ஆசை கம்மி. கோதுமைப் புரதம் தான் அடிப்படை, நடுவுல பட்டர்நட் பூசணி, ஆப்பிள், காளான், அதோட பூண்டு, ரோஸ்மேரி, சேஜ் வாசனை எல்லாம் தூக்கலா இருக்கும். காரசாரமா தின்னு பழகின நாக்குக்கு இது தான் ஒத்துவருது. 1 பவுண்டு சின்ன சைஸும் இருக்கு, உங்க வீட்டு மாதிரி ஒரே ஒரு வீகன் வர்ற இடத்துக்கு அது போதும். (ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிக்கங்க, காரணம் கடைசில.) இதே கம்பெனில பஃப் பேஸ்ட்ரி சுத்தி, உள்ள ஹேசல்நட், கிரான்பெர்ரி, சர்க்கரைப் பாகுல போட்ட இஞ்சி எல்லாம் வச்ச பெரிய ரோஸ்ட் ஒண்ணு வரும், பாக்கறதுக்கு ராஜா மாதிரி இருக்கும், ஆனா நட்ஸ் அலர்ஜி யாருக்காவது இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

கார்டீன் கம்பெனி ரோஸ்ட், ட்ரேடர் ஜோஸ் கடை ரோஸ்ட் ரெண்டும் வெளில பிரெட் கிரம்ப்ஸ், உள்ள ஸ்டஃபிங், கூடவே கிரேவி பாக்கெட்னு ஒரே ஜாதி. சின்னப் பசங்களுக்குப் பிடிக்கும், சிக்கன் நக்கெட் ஞாபகம் வரும் போல. ட்ரேடர் ஜோஸ்ல அது சீசன் சரக்கு, நவம்பர் நடுவுல பாத்து வச்சுட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு வந்தீங்கன்னா அடுத்த வருஷம் தான்.

குவார்ன்னு ஒண்ணு கண்ணுல படும். அது ஒரு வகை பூஞ்சைல இருந்து எடுக்கற புரதம், நார் நாரா நிஜக் கறிக்கு ரொம்பக் கிட்ட வரும், ஆனா அமெரிக்கால விக்கற அவங்க ரோஸ்ட்ல நான் பாத்தவரைக்கும் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பாங்க. வெஜிட்டேரியன்னு போட்டிருந்தா வீகன்னு அர்த்தம் இல்ல, பெட்டியைத் திருப்பிப் படிச்சுட்டு கூடைல போடுங்க.

கோதுமைப் புரதம்னு திரும்பத் திரும்ப சொல்றேனே, அது ஒண்ணும் லேப் சமாச்சாரம் இல்ல. சப்பாத்தி மாவை நல்லா அடிச்சுப் பிசைஞ்சு அரை மணி நேரம் தண்ணில போட்டு வச்சு, அப்புறம் ஒரு பாத்திரத்துல பிசைஞ்சு பிசைஞ்சு கழுவிக்கிட்டே இருங்க. தண்ணி பால் மாதிரி வெளுத்து ஓடும், நாலஞ்சு தண்ணி மாத்தினதும் ஓரளவு தெளியும், கைல ரப்பர் மாதிரி ஒரு கட்டி நிக்கும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாம விரியுதே, அந்த இழுவை தான் அது. அதுல மசாலா சேர்த்து வேக வச்சா சேட்டான், எல்லா ரோஸ்ட்டுக்கும் தாத்தா. அதனால கோதுமை ஆகாதவங்க யாராவது வந்தா நான் மேல சொன்ன வீகன் பெட்டி எதுவுமே ஆகாது, அவங்களுக்கு ஒரு பூசணிக்காயை ரெண்டா பிளந்து உள்ள சாதம், காளான், கிரான்பெர்ரி அடைச்சு சுட்டுக் குடுத்துடுங்க.

இப்ப என் முட்டாள்தனம். முதல் தடவை ரோஸ்ட் வாங்கினப்ப வியாழக்கிழமை காலைல தான் ஃப்ரீஸர்ல இருந்து எடுத்தேன், கல்லு. பெட்டியைக் கழட்டி அப்படியே ட்ரேல வச்சு ஓவன்ல தள்ளிட்டேன். ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு எடுத்தா மேல பளபளன்னு மின்னுது, ஆஹா என்னமா நிறம் பிடிச்சிருக்குன்னு நான் பெருமையா கத்தியை வைக்கறேன், வழுக்குது. என் பொண்ணு கிட்ட வந்து பாத்துட்டு, "அம்மா, பிளாஸ்டிக் கவரை எடுக்கலையா?" ரெண்டு பக்கமும் சின்ன இரும்புக் கிளிப் போட்டு மெல்லிசா ஒரு உறை இருந்திருக்கு, உள்ள இருக்கற சரக்கோட அப்படியே ஒட்டி, தோல் மாதிரி. அதை வெட்டி உரிச்சா நடு இன்னும் ஐஸ். அந்த வருஷமும் அவளுக்கு எலுமிச்சை சாதம் தான். பெட்டிக்குப் பின்னாடி படம் போட்டுத் தெளிவா தான் எழுதியிருந்தாங்க, நான் தான் படிக்கல.

ஓவன் ஒண்ணு தான் இருக்கும் உங்க வீட்லயும். டர்க்கிக்கு 350 டிகிரி ஃபாரன்ஹீட் வச்சீங்கன்னா இதுக்கும் அதே சூடு ஓடும், பெட்டில போட்டிருக்கற நேரத்தைக் கணக்குப் போட்டுக் கடைசில உள்ள தள்ளுங்க. ஆனா மேல் தட்டுல வைங்க. கீழ வச்சா டர்க்கி கொழுப்பு சொட்டி விழுந்துடும், அப்புறம் அந்தப் பையன் வாய் தொறந்து எதுவும் சொல்லாம சாலட் மட்டும் சாப்பிட்டுப் போவான். வெட்டறதுக்குக் கத்தியும் தனி.

கிரேவில கஞ்சத்தனம் பண்ணாதீங்க, இந்த ரோஸ்ட் எல்லாத்தையும் காப்பாத்தறது அது தான். கூட வர்ற பாக்கெட் ரெண்டு பேருக்குக் கூடக் காணாது. ரெண்டு கைப்பிடி காளானைப் பொடியா நறுக்கி எண்ணெய்ல வதக்குங்க, முதல்ல தண்ணி விடும், பயப்படாம அந்தத் தண்ணி வத்தி அடி பிடிக்கற மாதிரி பிரவுன் ஆகற வரைக்கும் விடுங்க, ருசி பூரா அங்க தான் இருக்கு. அப்புறம் வெங்காயம், பூண்டு, மூணு ஸ்பூன் மைதா போட்டு வாசனை வர வறுத்து, வெஜிடபிள் பிராத் (காய்கறி வேக வச்சு வடிகட்டின தண்ணி) ரெண்டு கப் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கட்டி இல்லாம கலக்கி, சோயா சாஸ் ஒரு ஸ்பூன், தைம் கொஞ்சம், மிளகு தாராளமா. உப்பை ருசி பாத்துட்டு போடுங்க, ரோஸ்ட்லயே உப்பு தூக்கல். எங்க வீட்ல இப்ப டர்க்கிக்கும் இதையே தான் ஊத்திக்கறாங்க.

ரோஸ்ட்டை மட்டும் வீகனா வாங்கிட்டு மத்ததுல கோட்டை விடறவங்க நிறைய பேர். மசிச்ச உருளைக்கிழங்குல வெண்ணெய், ஸ்டஃபிங்ல சிக்கன் பிராத், பீன்ஸ் கேசரோலுக்கு ஊத்தற காளான் சூப் டப்பால பால், சக்கரைவள்ளிக்கிழங்கு மேல போடற மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் (மிருகங்களோட தோல், எலும்புல இருந்து எடுக்கறது), பம்ப்கின் பைல முட்டையும் டப்பாப் பாலும். கிரான்பெர்ரி சாஸ் பொதுவா பிரச்சனை இல்ல. வெண்ணெய்க்கு பதில் ஆலிவ் எண்ணெய் போட்டா ஏழு பேர்ல ஒருத்தருக்கும் தெரியாது, நான் சொல்லாமலே ரெண்டு வருஷம் பண்ணியிருக்கேன்.

இன்னொண்ணு, வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பையனுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுடுங்க. சில வீகன்களுக்குக் கறி மாதிரி இருக்கற எதைப் பாத்தாலும் குமட்டும். என் பொண்ணே நடுவுல ஒரு வருஷம் அப்படி இருந்தா, அப்ப பஃப் பேஸ்ட்ரிக்குள்ள காளானும் பயறும் வச்சு சுருட்டி சுட்டேன், அதுவும் கத்திக்கு நல்லா தான் விழுந்துச்சு. பேஸ்ட்ரி வெண்ணெய் போட்டதா எண்ணெய்ல பண்ணினதான்னு மட்டும் பாத்து வாங்கணும்.

ரெண்டா வாங்கச் சொன்னதுக்குக் காரணம், டர்க்கி சாப்பிடறவங்க எல்லாரும் இது என்ன ருசின்னு பாக்க ஆளுக்கு ஒரு துண்டு எடுப்பாங்க, கடைசில யாருக்காக வாங்கினமோ அவங்களுக்கு இருக்காது. இப்ப எங்க அங்கிள் முதல்ல தனிக் கத்தியை எடுத்து இவ ரோஸ்ட்டைத் தான் வெட்டறார், உருட்டுக்கட்டை மாதிரி இருக்கற அதைப் பாத்து வருஷா வருஷம் அதே ஜோக், "உனக்கு லெக் பீஸா, பிரெஸ்ட் பீஸா?" அவளும் வருஷா வருஷம் லெக் பீஸ் தான் கேக்கறா.

செவ்வாய்க்கிழமை ராத்திரியே ஃப்ரீஸர்ல இருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கிடுங்க, ஒரு முழு நாளாவது ஆகும் ஐஸ் விட. அப்படியே பெட்டி மேல பெருசா ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "கவரை உரி"ன்னு எழுதி வைங்க.