அழுகண்ணி தொட்டியில் கருகுகிறது

கோத்தகிரி பக்கம் சதுப்பு ஓரத்திலிருந்து, பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடியைப் பிடுங்கி, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்த தொட்டியில் வைத்தீர்கள், வாரத்துக்குள் பனித்துளி மாதிரிப் பசை வற்றி இலை கறுத்துவிட்டது என்கிறீர்கள். நோய் எதுவும் இல்லைங்க. உரம்தான் காரணம்.

அது வளர்வது புளிப்பான, சத்தே இல்லாத ஈர மண்ணில். நைட்ரஜனை வேரால் அதிகம் தேடாமல், இலைமுடிகளில் ஒட்டும் கொசு, சிற்றெறும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கொழுத்த மண் அந்த வேருக்கு ஆகாது. போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பும் அப்படித்தான்.

இன்றே மண்ணை உதறிவிட்டு, பீட்டும் (சதுப்பில் மக்கிய பாசி) கழுவிய ஆற்று மணலும் சமமாகக் கலந்து நடுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம். மழைநீர் மட்டும் ஊற்றி, நல்ல வெயிலில் வையுங்கள். மாற்றும்போது தண்டின் அடியைப் பாருங்கள்: பட்டாணி போல ஒரு சின்னக் கிழங்கு இருக்க வேண்டும். நம் நீலகிரி மலையில் உள்ள வகை வறண்ட மாதங்களில் மேலே காய்ந்து, அந்தக் கிழங்கில்தான் உயிரை வைத்திருக்கும். இருந்தால் தொட்டியை வீசிவிடாதீர்கள், அடுத்த மழையில் துளிர்க்கலாம். பிடுங்கும்போது தண்டு அறுந்து கிழங்கு சதுப்பிலேயே தங்கியிருந்தால், தொட்டியில் இருப்பது பிழைப்பது கஷ்டம்.

அப்புறம், இன்னொன்று பிடுங்கப் போகாதீர்கள். காப்புக் காட்டில் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வடிகால் வெட்டி, சீகை (வாட்டில்) மரம் பரவி, இந்தச் சதுப்புகளே சுருங்கிவிட்டன. வளர்க்க ஆசை என்றால் நர்சரியில் விதையிலிருந்து வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்.