எழுத்து பாதியில் நின்றால் குற்றம் கேபிளிலா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட்டில் பெயர்ப் பலகை செதுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் தம்பியும்தான் வேலைக்கு. கணினி சொல்படி கல்லைச் செதுக்கும் பழைய சிஎன்சி ரவுட்டர் ஒன்று வாங்கினோம். அதன் கன்ட்ரோலரில் இருப்பது 9 பின் சீரியல் போர்ட். புது லேப்டாப்பில் அது இல்லை. 250 ரூபாய்க்கு யுஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கி மாட்டினோம். ஸ்பிண்டில் (செதுக்கும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ஓடிய கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்து, எழுத்து பாதியில் நின்று, கல் வீணாகிறது. கடைக்காரர் கேபிளைத் திரும்ப வாங்க மறுக்கிறார். விலை கூடிய கேபிள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: 'ஸ்பிண்டில் ஓடிய பிறகு' என்கிறீர்களே, சந்தேகமே அங்கேதான். கடைக்குப் போகும் முன், பிட்டைக் கல்லுக்கு மேலே தூக்கி வைத்து, ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு அதே புரோகிராமை முழுதாக ஓட்டுங்கள். ஒழுங்காக முடிந்தால் கேபிள் மேல் பெரும்பாலும் பழி இல்லை. அப்புறம் ஸ்பிண்டிலைப் போட்டு, லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இப்போது நிற்கவில்லையா? அப்படியானால் ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி கருவியின் மின் இரைச்சல் எர்த் வழியாக லேப்டாப்புக்குள் வருகிறது. கேபிளின் 5-ஆம் பின் இரண்டு பக்கத்து கிரவுண்டையும் சேர்க்கிறது. சார்ஜர் எர்த்தும் சேர்ந்தால் ஒரு வளையமாகி, இரைச்சலுக்கு வழி கிடைத்துவிடும்.

இதற்கு விலை கூடிய சாதாரண கேபிள் உதவாது. 'ஐசொலேஷன்' உள்ள, அதாவது இரண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரித்து வைக்கும் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள். சீரியல் ஒயரை ஸ்பிண்டில் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள் (பல பட்டறைகளில் அழகுக்காக அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்!). ஷீல்டு உள்ள ஒயர், 15 மீட்டருக்குள் இருக்கட்டும்.

ஸ்பிண்டில் அணைந்திருக்கும்போதே நின்றால் கதை வேறு. முதலில் விண்டோஸில் யுஎஸ்பியைத் தூங்க வைக்கும் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துப் பாருங்கள். அடுத்த சந்தேகம் கேபிளுக்குள் இருக்கும் சிப். எஃப்டிடிஐ, புரோலிஃபிக் என்ற சிப் நிறுவனங்களின் பெயரில் போலிச் சிப்புகள் நிறைய. 2014-இல் எஃப்டிடிஐ வெளியிட்ட டிரைவர் போலிகளை முடக்கியே விட்டது. மலிவான சிஎச்340 என்ற சிப் மோசமில்லை. ஆனால் 5 வோல்ட் சிக்னலுக்கான டிடிஎல் பலகையை வாங்கி நேரடியாக மாட்டிவிடாதீர்கள், 9 பின் போர்ட்டில் வரும் ஆர்எஸ்-232 மின்னழுத்தம் அதைக் கருக்கிவிடும்.

பணம் திரும்பக் கேட்பது பற்றி: பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். பட்டறைக்கு வாங்கியது என்று தயங்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவரும் நுகர்வோரே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். ஆனால் பேட்டரியில் வேலை ஒழுங்காக ஓடினால், கடைக்காரர் விற்றது நல்ல கேபிள்தான். அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.