எஸ்எஸ்எஸ் எப்போது வரும்? டெவில் மே க்ரை கேள்வி பதில்

டெவில் மே க்ரை என்ற சண்டை வீடியோ கேம் தொடரைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பாதிக்கு மேல் ஐந்தாம் பாகத்தைப் பற்றியே இருந்ததால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும். கதை முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: அண்ணா, இந்தத் தொடரில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: ஐந்தில் ஆரம்பியுங்கள் தம்பி. வெளியான வரிசையில்தான் ஆட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2001-இல் வந்த முதல் பாகத்தில் கேமராவை நம் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. திரைக்கு வெளியே நிற்கும் எதிரி அங்கிருந்தே அடிப்பான். இன்றைய கேம்களில் பழகிய கைக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். ஐந்தின் மெனுவிலேயே முன்கதையைச் சொல்லும் ஒரு வீடியோ இருக்கிறது, அது போதும். பிடித்துப்போனால் மூன்று, அப்புறம் நான்கு, கடைசியில் ஒன்று. கதை நடக்கும் வரிசை வேறு: 3, 1, 2, 4, 5. முதல் மூன்றும் எச்டி கலெக்ஷன் என்ற பெயரில் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன.

கேள்வி: ப்ரோ, எதிரிகளை எல்லாம் சுலபமாகக் கொன்றுவிடுகிறேன். ஆனால் சண்டைக்கு மார்க் போடும் ஸ்டைல் மீட்டர் பி-யைத் தாண்ட மாட்டேன் என்கிறது. என்னதான் கேட்கிறது இந்த கேம்?

பதில்: கொன்றதற்கு இங்கே மார்க் கிடையாது ப்ரோ, கொன்ற விதத்துக்குத்தான் மார்க். திரையின் வலப்பக்கம் டி, சி, பி, ஏ, எஸ், எஸ்எஸ், எஸ்எஸ்எஸ் என்று ஏழு படி. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைக்கும் மதிப்பு குறைந்துகொண்டே வரும். சும்மா நின்றால் மீட்டர் தானாக வடியும். அடி வாங்கினால் மேலே இருந்த எழுத்து தடாலென்று கீழே விழும். நீங்கள் செய்வது என்னவென்று என்னால் பார்க்காமலே சொல்ல முடியும்: வாளை வீசும் முக்கோண பட்டனையே (பிளேஸ்டேஷன் கணக்கில் சொல்கிறேன்) தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஐந்தில் நாம் ஆடும் ஹீரோக்களில் ஒருவனான நீரோவை வைத்து இப்படிச் செய்து பாருங்கள். ஆர்1 பட்டனை அழுத்தி எதிரி மேல் லாக் ஆன், அதாவது குறியை அவன் மேலேயே நிறுத்துவது. கன்ட்ரோலரின் குச்சியை எதிரிக்கு எதிர்த்திசையில் தள்ளி முக்கோணம். அவன் மேலே தூக்கி எறியப்படுவான். பட்டனை விடாமல் பிடித்திருந்தால் நீரோவும் கூடவே போவான். அந்தரத்தில் இரண்டு வெட்டு, இரண்டு குண்டு. இறங்கியதும் தூரத்தில் நிற்கும் இன்னொருவனை வயர் ஸ்னாட்ச் என்ற கம்பிக் கொக்கி போட்டுக் கைக்கே இழுங்கள். இழுத்தவனை டெவில் பிரேக்கர் என்ற இயந்திரக் கையால் தூக்கி அறையுங்கள். ஐந்து விதமான அடி ஆகிவிட்டது, மீட்டர் கிடுகிடுவென்று ஏறியிருக்கும். கடைசி எதிரியை அவசரப்பட்டு முடிக்காதீர்கள். அவன் உயிரோடு இருக்கும் வரைதான் உங்களுக்குக் கச்சேரி.

இன்னொன்று, பிளேஸ்டேஷனில் டச்பேடை அழுத்தினால் நம்ம ஆள் எதிரியைக் கிண்டல் செய்வான். அதற்கும் மீட்டர் ஏறும். வேலை மெனக்கெட்டு இதற்கென்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள் என்றால், எப்பேர்ப்பட்ட கேம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பின்னால் தள்ளி அடித்தால் சில சமயம் தூக்குகிறது, சில சமயம் வேறு ஏதோ செய்கிறது. கன்ட்ரோலர் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. பின்னால் என்பது குச்சியின் கீழ்ப்பக்கம் அல்ல, எதிரிக்கு எதிர்ப்பக்கம். எதிரி திரையின் இடப்புறம் நின்றால் வலப்புறம் தள்ள வேண்டும். கேமரா திரும்பத் திரும்ப உங்கள் பின்பக்கமும் மாறும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஐந்தில் வாய்டு என்ற பயிற்சி அறை இருக்கிறது. ஒரே ஒரு எதிரியை நிறுத்தி, அவனைச் சுற்றி நடந்துகொண்டே தூக்கிப் பழகுங்கள்.

கேள்வி: இது முதலில் ரெசிடெண்ட் ஈவில் என்ற திகில் கேமாக இருந்தது என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம். இரண்டு தொடரையும் வெளியிடும் ஜப்பானிய நிறுவனமான கேப்காம், ரெசிடெண்ட் ஈவில் 4-ஐ உருவாக்கும் பொறுப்பை இயக்குநர் ஹிடேகி கமியாவிடம் கொடுத்தது. மனிதர் பயமுறுத்தும் கேம் செய்யாமல் ஸ்டைலான ஹீரோவைச் செய்துகொண்டிருந்தார். குழு ஐரோப்பாவுக்குப் போய் ஸ்பெயின், இங்கிலாந்து கோட்டைகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தது. கடைசியில் பார்த்தால் பயமே இல்லை. தயாரிப்பாளர் ஷின்ஜி மிகாமி நினைத்திருந்தால் தூக்கிப் போட்டிருக்கலாம்; தனி கேமாகவே செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். முதல் பாகத்தின் கோட்டையில் நடக்கும்போது, சாவி தேடிக் கதவு திறக்கும்போது, அந்தப் பழைய வாசனை இன்னும் அடிக்கும்.

எதிரியை அந்தரத்திலேயே வைத்து அடிப்பதற்கும் ஒரு பூர்வகதை உண்டு. கேப்காமின் இன்னொரு கேமான ஒனிமுஷாவைச் சோதித்தபோது, தொடர்ந்து வெட்டினால் எதிரி கீழே விழாமல் மேலேயே மிதக்கும் ஒரு பிழை தென்பட்டது. அங்கே அது பிழை. இங்கே அதை வைத்தே ஒரு தொடர்.

கேள்வி: வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஏன் காம்போ வீடியோ, அதாவது அடிகளை விடாமல் கோத்துக் காட்டும் வீடியோ, போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்? கேமை முடித்தால் வேலை முடிந்தது இல்லையா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எனிமி ஸ்டெப் என்று ஒரு திறன் கடையில் கிடைக்கும். அந்தரத்தில் எதிரியை ஒட்டி இருக்கும்போது குதிக்கும் பட்டனைத் தட்டினால், அவனையே மிதித்துத் தாவலாம். பார்க்க அவ்வளவுதான். ஆனால் மிதித்த அந்தக் கணத்தில் நீங்கள் பாதியில் வைத்திருந்த அடி அறுந்துபோகும், அந்தரத்தில் செலவழித்த அடிகளெல்லாம் மறுபடி கைக்கு வந்துவிடும். அதாவது ஒரு வெட்டு, அது பட்டதும் ஒரு மிதி, மறுபடி அதே வெட்டு, மறுபடி மிதி. கை வேகம் இருந்தால் எதிரி தரையைப் பார்க்கவே மாட்டான். இதைத்தான் ரசிகர்கள் ஜம்ப் கேன்சல் என்கிறார்கள்.

இதன்மேல் தொடரின் நாயகன் டான்டேயை வையுங்கள். மூன்றாம் பாகத்தில் அவனுக்கு டிரிக்ஸ்டர், சுவார்டுமாஸ்டர், கன்ஸ்லிங்கர், ராயல்கார்டு என்று ஸ்டைல்கள், அதாவது சண்டை முறைகள், வந்தன. ஆனால் சண்டையில் ஒன்றுதான். நான்காம் பாகம் நாலையும் திசை பட்டன்களில் வைத்து, சண்டை நடுவிலேயே மாற்ற விட்டது. ஐந்தில் நாலு ஸ்டைல், நாலு கை ஆயுதம், நாலு துப்பாக்கி. எல்லாமே உடனுக்குடன் மாறும். இதில் எவ்வளவு தெரிந்தால் கேமை முடிக்கலாம் என்றால், பத்தில் ஒரு பங்கு போதும். மீதி ஒன்பது பங்கையும் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கேட்காததைச் செய்து காட்டத்தான் அத்தனை வீடியோவும். 2020-இல் மூன்றாம் பாகம் நிண்டெண்டோ சுவிட்சுக்கு வந்தபோது, பழைய கேமிலும் சண்டை நடுவே ஸ்டைல் மாற்றும் வசதியைச் சேர்த்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து! அந்த அளவுக்கு ரசிகர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: ஐந்தில் ஆடக்கூடியவர்கள் நீரோ, வி, டான்டே, வெர்ஜில். யாரைக் கற்றுக்கொள்வது லாபம்?

பதில்: கேமே நீரோவில்தான் ஆரம்பிக்கிறது, அதுவே சரி. அவனுடைய ரெட் குவீன் வாளின் கைப்பிடி பைக் ஆக்சிலரேட்டர்தான். வெட்டு படும் நொடியில் எல்2-ஐத் தட்டினால் வாள் தீப்பிடித்து அடுத்த அடி பலமாக இறங்கும். அந்த நேரம் துல்லியமாகப் பிடிபட்டுவிட்டால் விட மனசு வராது. ஒவ்வொரு வெட்டுக்கும் விரல் தானாகப் போகும்.

வி தானே அடிப்பதில்லை. ஒரு கருஞ்சிறுத்தையும் ஒரு பறவையும் அவனுக்காக அடிக்கும், இவன் ஓடிவந்து கடைசிக் குத்து குத்துவான். யோசனை புதுமை. எனக்கு ஒட்டவில்லை.

வெர்ஜில்தான் ஆபத்தானவன். அவனுக்குக் கவனம் என்று ஒரு மீட்டர் உண்டு. அடி குறி தவறினால் குறையும், அடி வாங்கினால் குறையும், ஓடினாலும் குறையும். ஆகவே நன்றாக ஆடுபவர்களின் வெர்ஜில் ஓடவே மாட்டான். சுற்றிலும் பேய்க்கூட்டம் பாய்ந்துவர, அவன் பாட்டுக்கு மெதுவாக நடந்து வருவான். மாஸ் ஹீரோ நடையைக் கணக்காக்கி மீட்டரில் ஏற்றிய கேமை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. பிளேஸ்டேஷன் 5-இல் ஸ்பெஷல் எடிஷனோடு வருவான். கணினியில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

கேள்வி: இரண்டாம் பாகத்தை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

பதில்: தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருந்தால் போதும், பாஸ்கூடச் செத்துவிடும். டான்டே பேசவும் மாட்டான். இதைவிட என்ன வேண்டும்? இயக்குநர் ஹிடேகி இட்சுனோ கடைசிக் கட்டத்தில்தான் பொறுப்பேற்று, முடித்துக் கொடுத்தார். அந்த ரோஷத்தில் அவர் செய்ததுதான் 2005-இன் மூன்றாம் பாகம் என்று ரசிகர்கள் நம்புகிறோம். தளம் தளமாக ஏறும் பிளடி பேலஸ் இரண்டில்தான் முதலில் வந்தது, அதற்கு ஒரு நன்றி.

கேள்வி: சார், மூன்றாம் பாகத்தை ஆரம்பத்திலேயே என்னால் தாண்ட முடியவில்லை. வயசாகிவிட்டதா?

பதில்: வயசெல்லாம் இல்லை சார். முதலில் வெளிவந்த டிஸ்க் என்றால் அது உங்கள் தப்பே இல்லை. ஜப்பானில் கஷ்டம் என்று இருந்த நிலையை அமெரிக்கப் பதிப்பில் சாதாரணம் என்று போட்டு விற்றார்கள். அடுத்த ஆண்டு வந்த ஸ்பெஷல் எடிஷனில் சரிசெய்தார்கள். எச்டி கலெக்ஷன் தொகுப்பில் இருப்பதும் அதுதான், அதை ஆடுங்கள்.

கேள்வி: 2013-இல் டான்டே கதையைப் புதிதாகத் தொடங்கிய டிஎம்சி பற்றி உண்மையைச் சொல்லுங்கள். டான்டேயின் வெள்ளை முடி கறுப்பானதற்கா அவ்வளவு சண்டை?

பதில்: முடி ஒரு சாக்கு. இங்கிலாந்தின் நிஞ்சா தியரி நிறுவனம் செய்தது அந்த கேம். 2010-இல் முதல் டிரெய்லர் வந்த அன்றே போர் மூண்டுவிட்டது. கேமுக்குள்ளேயே டான்டே தலையில் வெள்ளை விக் ஒன்று விழ, கண்ணாடியைப் பார்த்து அவன் நக்கலடிப்பான். வெந்த புண்ணில் வேல். ஆனால் என் குறை அதில்லை. லாக் ஆன் இல்லை. சில எதிரிகள் சிவப்பு, சில நீலம். அந்தந்த நிறத்துக்கான ஆயுதத்தால்தான் அடிக்க வேண்டும். எப்படி அடிப்பது என்பது நம் விருப்பம் என்ற அடிப்படையிலேயே கைவைத்துவிட்டார்கள். கன்சோலில் நொடிக்கு 30 பிரேம் வேறு. 2015-இன் டெஃபினிட்டிவ் எடிஷனில் 60 பிரேமும் லாக் ஆனும் வந்த பிறகு தாராளமாக ஆடலாம். ஊரே உயிர்பெற்று நம்மை நசுக்க வரும் அந்த இடங்களின் அழகை இன்றும் யாரும் மிஞ்சவில்லை. இதைச் சொன்னதற்கு என்னைத் திட்டுபவர்கள் வரிசையில் வரவும்.

கேள்வி: சண்டையில் பாட்டு சில சமயம்தான் முழுசாக வருகிறது, ஏன்?

பதில்: நீங்கள் சம்பாதித்தால்தான் வரும். ஐந்தில் பாட்டு மீட்டரோடு கட்டப்பட்டிருக்கிறது. டி, சி-யில் சுற்றிக்கொண்டிருந்தால் ஆரம்ப இசையே ஓடும். எஸ் தொட்டதும் டெவில் டிரிக்கர் பாட்டின் பல்லவி வெடிக்கும். வெர்ஜிலுக்கு பரி தி லைட். கேசி எட்வர்ட்ஸ் இசை, விக்டர் போர்பா குரல். விளையாடாதவர்கள்கூட அதன் புயல் வரியை வைத்து மீம் போடுகிறார்கள்.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸ் அனிமே பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். 2025 ஏப்ரலில் வந்தது, ஆதி சங்கர் தயாரிப்பு, கொரியாவின் ஸ்டுடியோ மிர் வரைந்தது. கேம் கதையோடு ஒட்டிப் பார்க்காதீர்கள், அது தனிக் கதை. கேமில் நீரோவுக்குக் குரல் கொடுத்த ஜானி யாங் பாஷ் இங்கே டான்டே.

கேள்வி: கணினியில் கீபோர்டை வைத்தே ஆடலாமா? 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது.

பதில்: 8 ஜிபி போதும், 35 ஜிபி இடம் ஒதுக்குங்கள். கீபோர்டில் முடிக்கலாம், ஆனால் எல்2 நேரமும் திசையும் விரலுக்கு வர ஒரு கன்ட்ரோலர் நல்லது. விலை குறைந்ததே போதும், டி-பேட் (திசை பட்டன்கள்) மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: அடியைத் தடுக்கும் ராயல்கார்டு ஸ்டைல் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள். எல்லோரும் செய்வது, அடி வருவதற்கு முன்பே பயந்து வட்ட பட்டனை அழுத்திக்கொண்டு நிற்பது. அப்படி நின்றால் அது வெறும் தடுப்பு. அடி உடம்பில் படும் அதே கணத்தில் தட்ட வேண்டும். டங் என்று சத்தம் வரும், டான்டே அசையமாட்டான், வாங்கிய பலமெல்லாம் சேமிப்பில் ஏறும், பிறகு ஒரே அடியாகத் திருப்பிக் கொடுக்கலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்து பாயும் ஃப்யூரி என்ற எதிரியிடம் ஆரம்பிக்காதீர்கள், வெறுத்துவிடும். பெரிய வாளை ஓங்கி, நிதானமாக இறக்கும் எதிரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாளைப் பார்க்க வேண்டாம், அவன் தோளைப் பாருங்கள். பத்துக்கு மூன்று விழுந்தால் போதும், அடுத்த கஷ்ட நிலைக்கு அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.