உருது மட்டும் பேசும் பாட்டிக்கு ஜிசிஎஸ் வெர்பல் 4 போடலாமா?

4 போடாதீங்க. ஜிசிஎஸ் (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) நோயாளியோட நினைவு நிலையை அளக்கிற ஸ்கோர்; அதுல வெர்பல், அதாவது பேச்சுப் பகுதியில, 4-ன்னா குழப்பமாப் பேசுறாங்க, 5-ன்னா தெளிவாப் பேசுறாங்கன்னு அர்த்தம். வேலூர் ஆஸ்பத்திரியில இருக்கிற பேரணாம்பட்டு பாட்டிக்கு உருது மட்டும்தான் தெரியும், தமிழ்ல கேட்டா சம்பந்தமில்லாம பதில் சொல்றாங்கன்னு நீங்களே கேள்வியில எழுதியிருக்கீங்க. தமிழ்க் கேள்விக்குச் சம்பந்தமில்லாம பதில் வந்தா, அது பெரும்பாலும் மொழிச் சிக்கல்தான். அதை வெச்சு குழப்பம்னு முடிவு கட்ட முடியாது.

மகளையோ உருது தெரிஞ்ச சிஸ்டரையோ வெச்சு மூணு கேள்வி கேளுங்க: பேரு, இப்ப இருக்கிற இடம், என்ன மாசம். 'வேலூர் ஆஸ்பத்திரி'ன்னு சொன்னாலே இடம் சரி. மகள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, இதை முன்னாடியே கண்டிப்பாச் சொல்லிடுங்க. மூணும் சரின்னா 5. காது மந்தமான்னும் பாருங்க.

கேட்க ஆளே கிடைக்கலன்னா என்.டி. (நாட் டெஸ்டபிள், அதாவது சோதிக்க முடியல) போட்டு, காரணத்தையும் சார்ட்டில் எழுதுங்க. ஊகிச்சு நம்பர் போட வேண்டாம்.

ஆனா, நேத்து உருதுல தெளிவாப் பேசினவங்க இன்னைக்குக் குழறினா மொழின்னு விட்டுடாதீங்க. உடனே டாக்டரைக் கூப்பிட்டுட்டு, ரத்தச் சுகரும் பியூப்பிலும் (கண்மணி) பாருங்க.