ஃபேன் இல்லாத பெட்டிக்கு இன்லெட் வேகம் எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் கணினியில் கணக்கிடும் சிமுலேஷன் (CFD) செய்கிறேன். ஒரு மீட்டர் உயரப் பெட்டி. உள்ளே சூடாகும் மின்னணுப் பலகைகள், ஃபேன் கிடையாது. கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு. கீழே வெலாசிட்டி இன்லெட் (காற்று நுழையும் வேகத்தை நாமே கொடுக்கும் எல்லை) வைத்து 0.1 மீ/வி கொடுத்தால் ஒரு வெப்பநிலை, 0.3 கொடுத்தால் இன்னொன்று வருகிறது. எது சரி?

இரண்டுமே சரியில்லை. எவ்வளவு காற்று உள்ளே வரும் என்பதைத்தான் இந்த சிமுலேஷன் உங்களுக்குச் சொல்ல வேண்டும், அதை நீங்களே கொடுத்துவிட்டால் பிறகு கணக்குப் போட என்ன இருக்கிறது? 0.1 கொடுத்தபோது நீங்கள் ஓட்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபேன் வைத்த பெட்டியை.

இரண்டு திறப்பிலும் அழுத்தத்தை மட்டும் கொடுங்கள். காற்று நுழையும் இடத்தில் மொத்த அழுத்தம் (நிலை அழுத்தமும் வேகத்தால் வரும் அழுத்தமும் சேர்ந்தது) 0, ஏனென்றால் வெளியே சும்மா நிற்கிற காற்றுதான் வேகம் பிடித்து உள்ளே வருகிறது. வெளியேறும் இடத்தில் நிலை அழுத்தம் 0. மேல் திறப்பில் காற்று கொஞ்சம் திரும்பி உள்ளே வரலாம், அதற்கு வெளிக்காற்றின் வெப்பநிலையைக் கொடுத்து வையுங்கள், இல்லையென்றால் மென்பொருள் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும்.

இனிமேல்தான் பலரும் வழுக்கி விழும் இடம். நீங்கள் 0 என்று எழுதும் அழுத்தம், காற்றுத் தூணின் எடையைக் கழித்த பிறகு மிஞ்சும் அழுத்தம். அந்த எடை மீட்டருக்கு 11.5 பாஸ்கல் அளவில் இருக்கும். அதைக் கழிக்க மென்பொருள் ஒரு குறிப்பு அடர்த்தியை எடுக்கிறது, அது வெளிக்காற்றின் அடர்த்தியாகவே இருக்க வேண்டும். வெளியே 300 கெல்வின் என்றால் 1.177 கிகி/மீ³. ஆனால் பலர் 1.225 என்று விட்டுவிடுகிறார்கள், அது 15 டிகிரி செல்சியஸ் காற்றுக்கானது. வித்தியாசம் 0.048தானே என்று தோன்றும். சரி, போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டருக்கு 0.47 பாஸ்கல். உள்ளே காற்று 20 டிகிரி சூடாக இருந்தால் அதை மேலே தள்ளும் அழுத்தமே சுமார் 0.7 பாஸ்கல்தான்! பிழை, விசையில் மூன்றில் இரண்டு பங்கு. சில மென்பொருள்களில் இதை நிரப்பாமல் விட்டால் களம் (கணக்குப் போடும் இடம்) முழுவதற்கும் அடர்த்தியின் சராசரியை எடுத்துக்கொள்ளும், திறந்த பெட்டிக்கு அதுவும் தப்பு.

எனவே முதலில் வெப்பத்தை முழுக்க அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். காற்று அசையக் கூடாது. அசைந்தால் குறிப்பு அடர்த்தியில்தான் கோளாறு, மெஷ்ஷை (களத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையை) போய்க் குடைய வேண்டாம்.

வாய்ப்பிருந்தால் திறப்போடு களத்தை முடிக்காமல் வெளிக்காற்றையும் கொஞ்சம் சேர்த்து வரையுங்கள், முக்கியமாக மேல்பக்கம். செல்கள் கூடும்தான், ஆனால் திறப்பின் வாயிலேயே அழுத்தத்தை அறைந்து வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

பலகைகளுக்கு வெப்பநிலை வேண்டாம், வாட் கொடுங்கள். அப்புறம் கதிர்வீச்சை மறந்துவிடாதீர்கள். இயற்கை வெப்பச்சலனத்தில் சுவரின் வெப்பக் கடத்து எண் (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரிலிருந்து காற்றுக்குப் போகும் வாட்) 5 வாட்/மீ²கெ அளவில்தான் இருக்கும், பெயின்ட் அடித்த பரப்பில் கதிர்வீச்சும் கிட்டத்தட்ட அதே அளவு கொண்டுபோகும். அதை விட்டுவிட்டு வரும் வெப்பநிலையை நான் நம்ப மாட்டேன்.

எல்லாம் சரியாக வைத்தும் ரெசிடுவல் (சமன்பாடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பிழை) இறங்காமல் ஆடிக்கொண்டே இருக்கலாம். ஒரு மீட்டர் உயரம், 20 டிகிரி வித்தியாசம் என்றால் ரேலி எண் (சூட்டால் எழும் ஓட்டம் எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும் எண்) 2×10⁹ பக்கம் வருகிறது. செங்குத்துச் சுவரில் ஓட்டம் கலங்கத் தொடங்குவது 10⁹ வாக்கில். அதாவது ஓட்டமே ஆடுகிறது. நேரத்தோடு மாறும் கணக்காக ஓட்டிச் சராசரி எடுங்கள். பிறகு மேல் திறப்பு வழியாகவும் சுவர் வழியாகவும் வெளியேறும் வெப்பத்தைக் கூட்டுங்கள், பலகைகளுக்குக் கொடுத்த வாட் வராவிட்டால் இன்னும் ஓட விட வேண்டும்.