ஏழு மணிக்குச் சாத்தப்படும் கதவு

கேள்வி: நாங்கள் மதுரையில் மூன்று தலைமுறையாக வாழும் கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு 43 வயது. ஓராண்டாக ஒரு குருவின் தியான வகுப்புக்குச் சென்று வருகிறேன். மூச்சைக் கவனிப்பது, மந்திரத்தை மனத்துக்குள் சொல்வது, பிறகு மௌனமாக இருப்பது என்று பயிற்சி. நன்றாகத் தூக்கம் வருகிறது, கோபம் குறைந்திருக்கிறது. ‘நீயும் கடவுளும் வேறல்ல, அதை மறந்திருக்கிறாய்’ என்கிறார் குரு. இது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு முரணானதா? தினமும் மாலை 7 முதல் 8 வரை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்கிறேன். அந்த நேரத்தில் அத்தை மட்டும் கூடத்தில் தனியாகச் செபமாலை சொல்லிக்கொள்வார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை. உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துச் செபிக்க வேண்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

பதில்: நீங்கள் வாழும் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, புலால் நீக்கி, சந்நியாசியைப் போல வாழ்ந்தபோது அவருடைய சொந்தச் சபையினரே அவர்மீது புகார் எழுதினார்கள். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவருடைய வழிமுறைக்கு இசைவு தந்தார். கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைக்குப் போனால், ஓர் இயேசு சபைக் குரு தொடங்கிய ஜென் தியான நிலையத்தை இன்றும் காணலாம். அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதை மட்டும் வைத்து யாரும் உங்களைத் திருச்சபைக்கு வெளியே நிறுத்திவிட முடியாது.

குருவின் அந்த வாக்கியம் வேறு விஷயம். கடவுள் உள்ளத்தில் குடியிருக்கிறார் என்று திருச்சபை கற்பிக்கிறது. உள்ளமே கடவுள் என்று ஒருநாளும் கற்பித்ததில்லை. படைத்தவரும் படைக்கப்பட்டவரும் இருவராக இருப்பதனால்தான் செபம் என்பது ஒருவரோடு ஒருவர் பேசுவதாக இருக்கிறது. உங்கள் குரு சொல்வது, ஆன்மாவும் கடவுளும் ஒன்றே என்னும் அத்வைதம். அதை மதிக்கலாம், படிக்கலாம், அதில் தோய்ந்தவர்களை வணங்கவும் செய்யலாம். ஆனால், ஞாயிறு பூசையில் விசுவாச அறிக்கை சொல்லிவிட்டு, மறுநாள் வகுப்பில் ‘நானே அது’ என்பதையும் மனதார ஏற்க முடியாது. இரண்டில் ஒன்றை நீங்கள் பொருளறியாமல் சொல்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுவல்ல. ‘அத்தை மட்டும் கூடத்தில் தனியாக’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். வீட்டில் செபமாலை எப்படிச் சொல்வார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கி நிறுத்த, மற்றவர்கள் ‘புனித மரியே’ என்று மீதியைச் சொல்வார்கள். செபமாலையில் இதற்குரிய 53 மணிகளுக்கும் இப்படியேதான். அந்த வயதான பெண்மணி இப்போது ஒவ்வொரு மணிக்கும் தானே தொடங்கி, தானே பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓராண்டாக! அதைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று எப்படி அம்மா உங்களால் எழுத முடிந்தது?

உள்ளறை வசனத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஊர் பார்க்கத் தெருமுனையில் நின்று செபித்தவர்களைக் கண்டித்து இயேசு சொன்னது அது. வீட்டுப் பெரியவரை வெளியே விட்டுக் கதவடைக்கத் தந்த அனுமதிச் சீட்டு இல்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது, என்று சொல்லித் தாய் தந்தைக்குச் செய்ய வேண்டியதை நிறுத்திக்கொண்டவர்களிடம் அவர் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்பது அங்கே இருக்கிறது. உங்கள் மாலை நேரத்தைத்தான் நீங்கள் கொர்பான் ஆக்கியிருக்கிறீர்கள்.

1989 அக்டோபரில், பின்னாளில் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்டு, கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு வத்திக்கானிலிருந்து ஒரு மடல் வந்தது. பிற சமயத் தியான முறைகளை அவை கிறிஸ்தவம் அல்ல என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்லும் அதே மடல், உடற்பயிற்சிகள் தானாகவே தரும் அமைதியையும் இதத்தையும் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடுவது முற்றிலும் தவறு என்றும், ஒருவருடைய நடத்தை ஒத்திராதபோது அந்த உணர்வை ஞான அனுபவமாகக் கொள்வது மனக்கோளாறுக்கும் ஒழுக்கப் பிறழ்வுக்கும்கூடக் கொண்டுபோகலாம் என்றும் எச்சரிக்கிறது. நீங்கள் பெற்ற தூக்கமும் கோபமின்மையும் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அமைதியில் ஒரு துளியாவது கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்கிறேன்.

கூடத்தில் இருப்பவர் உங்கள் கணவரைப் பெற்றவர். 7 மணிக்கு உங்கள் கணவர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில்தான் இருக்கிறார் என்றால், உங்களைவிட அவரைத்தான் நான் அதிகம் கண்டிக்க வேண்டும். பெற்ற தாயோடு செபிப்பது மருமகளுக்கு மட்டும் எழுதிவைத்த கடமை என்று நான் நம்பவில்லை. இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

தியானத்தை விடியற்காலை 5 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மந்திரத்தின் பொருளை வகுப்பில் கேட்டு எழுதி, பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். அதை விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். மூச்சும் மௌனமும் உங்களோடுதான் இருக்கும். அது அடுத்த வாரம் நடக்கட்டும். இன்று மாலை 7 மணிக்குக் கூடத்தில் அத்தையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தியதும் மறுபாதியை நீங்கள் சொல்லுங்கள்.